வீட்டுப் பெரியவர்களும் ஊரின் பொறுப்பும்

(குடும்ப நல உரை: கிராமத் தம்பதியர்க்கு)



"குடும்ப நலக் கூட்டமுங்க, புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரும் வரோணும்" என்று மைக்கில் சொன்னதும் உங்களில் பலர் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இடைவெளி விட்டுப் பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேசுவார், தடுப்பூசி பற்றிப் பேசுவார், ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போவார் என்றுதானே? இன்றைக்குப் பேச்சு குழந்தையைப் பற்றி அல்ல. உங்கள் வீட்டு ஆசாரத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த அப்பாரையும் ஆயாவையும், அப்புச்சியையும் அம்மாயியையும் பற்றித்தான்.

இதற்கும் குடும்ப நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எங்கள் துறைக்கு இதில் ஒரு கடனே இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பேசாமல் விட்ட பாதி

நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952-ல் ஆரம்பமானது. 1977-ல் அதற்குக் குடும்ப நலம் என்று பெயர் மாற்றினார்கள். நான் கால்சட்டைப் பையனாக இருந்தபோது எங்கள் ஊருக்குச் சிவப்பு முக்கோணம் வரைந்த ஜீப் வரும். கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று எழுதாத சுவர் இல்லை. கொங்கு நாட்டு ஜனங்கள் அந்தச் சொல்லை முன்னாடியே காதில் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் அய்யனும் அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்தான். எங்கள் வீட்டில் அக்காவும் நானும் மட்டும்.

அதனால் நன்மை வந்தது. தாய்மார்கள் உடம்பு பிழைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நாங்கள் சொன்னது தப்பு என்று இன்றைக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் பாதிப் பேச்சைத்தான் பேசினோம். அன்று எங்கள் சொல்லைக் கேட்ட தம்பதிகளுக்கு இன்றைக்கு எழுபது, எண்பது வயது ஆகிறது. முன்பு ஆறு பிள்ளை இருந்த வீட்டில் ஒருவன் பட்டணம் போனாலும் ஒருவன் காட்டில் இருப்பான். இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் பெண் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ, பெங்களூரிலோ இருக்கிறான். தோட்டத்துச் சாளையில் இரண்டு கிழடுகளும் ஒரு நாயும் மட்டும்.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் 10 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2031-ல் அது 18 ஆகும் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்தபடி பெரியவர்கள் அதிகம் உள்ள மாநிலம் நம்முடையதுதான். பிள்ளையைக் குறையுங்கள் என்று சொன்ன நாங்கள், "பிள்ளை குறைந்தால் வயதான காலத்தில் யார் பார்ப்பது, ஊர் எப்படிக் கை கொடுப்பது" என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மீதிப் பாதியைத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

பால் கேன் சொன்ன பாடம்

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2011 தை மாதம். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அய்யனுக்கு 78 வயது. இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு சாளையில் தனியாக இருந்தார். "டவுனுக்கு வந்தா எனக்கு மூச்சு முட்டுதப்பா" என்பார். நான் வேறு தாலுகாவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் ராத்திரி நாய் குரைக்கிறதே என்று கட்டுத்தறிக்குப் போயிருக்கிறார். தண்ணித் தொட்டிப் பக்கம் கல் வழுக்கிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. போன் ஆசாரத்தில் சார்ஜில் கிடந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு இல்லை. தைப் பனியில் விடிய விடிய அந்த ஈரக் கல்லிலேயே கிடந்திருக்கிறார்.

காலையில் பால் எடுக்க வருகிற பையன்தான் கண்டுபிடித்தான். தினமும் ஐந்தரைக்குத் தடத்து ஓரக் கல்லின் மேல் கேன் இருக்கும். அன்றைக்கு இல்லை. மற்றவனாக இருந்தால் "இன்னைக்கு மாடு கறக்கலை போல" என்று போயிருப்பான். அவன் வண்டியை நிறுத்திவிட்டு, "அப்பாரே... அப்பாரே..." என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனான். அதனால்தான் என் அய்யன் மேலும் பதினாலு மாதம் எங்களோடு இருந்தார்.

அந்த விபத்து நடந்த அன்று சாயந்திரம் நான் வேறொரு ஊரில் மைக் பிடித்துச் சுகாதாரப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தேன். ஆப்பரேஷன் முடிந்து கட்டிலில் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஒறம்பரையிடம் அய்யன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எம்பையன் ஊருக்கெல்லாம் புத்தி சொல்றான். எனக்குப் புடிச்சுக்க ஒரு குச்சி நட்டுக் குடுக்கலை பாருங்க." அவர் கோபித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதிலிருந்து நான் கற்றது இரண்டு. ஒன்று, பெரியவர்களுக்கு வருகிற ஆபத்தில் பெரும்பகுதி பத்து ரூபாய், நூறு ரூபாய்ச் செலவில் தடுக்கக் கூடியது. இரண்டாவது, பிள்ளை எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவன் தூரத்தில் இருக்கிறான்; பால்காரப் பையன்தான் பக்கத்தில் இருக்கிறான். ஆகையால் ஊர் விழித்திருந்தால்தான் பெரியவர் பிழைப்பார்.

முதல் காரியம்: விழாமல் பார்த்துக்கொள்வது

வயதானால் எலும்பு உள்ளுக்குள் பொறைந்துபோகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது வேகமாக நடக்கும். இளவட்டம் விழுந்தால் சிராய்ப்பு. எழுபது வயதில் விழுந்தால் இடுப்பு முறிவு. முறிந்தால் படுக்கை. படுக்கையில் கிடந்தால் முதுகில் புண், நெஞ்சில் சளி, மனதில் சோர்வு. ஒரு வழுக்கல் ஒரு ஆளையே கொண்டு போய்விடும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்து, பெரியவர் படுக்கிற இடத்திலிருந்து கக்கூஸ் வரைக்கும், கட்டுத்தறி வரைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். ராத்திரியில் நடந்து பாருங்கள். எங்கே இருட்டு, எங்கே படி, எங்கே பாசி, எங்கே தண்ணிக் குழாய் குறுக்கே கிடக்கிறது என்று தெரியும். பிறகு செய்ய வேண்டியவை இவை:

குளிக்கிற இடத்திலும் கக்கூஸிலும் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் ஒன்று பதித்துவிடுங்கள். வழவழப்பான டைல்ஸ் போட்டிருந்தால் சொரசொரப்பான ரப்பர் விரிப்புப் போடுங்கள். படுக்கைப் பக்கம் ஒரு சின்ன விளக்கு ராத்திரி பூராவும் எரியட்டும். கரண்ட் போனால் எடுக்க டார்ச் லைட் தலைமாட்டில் இருக்கட்டும். மண்டி போட்டு உட்கார முடியாதவர்களுக்கு மேல் உட்காரும் கக்கூஸ் நாற்காலி வாங்கிக் கொடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். படுத்திருந்து எழுந்தவுடனே நடக்க விடாதீர்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

விழுந்து, கால் ஊன்ற முடியவில்லை என்றால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். இழுத்து உட்கார வைக்கவும் வேண்டாம். காலை அசைக்காமல் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த வண்டி ஓடுகிறது, காசு கிடையாது. தோட்டத்துச் சாளைக்குத் தடம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எந்த மெயின் ரோடு, எந்தக் கோயில், எத்தனையாவது சந்து என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பதறும்போது வாயில் வார்த்தை வராது. தாளைப் பார்த்துப் படித்துவிடலாம்.

மாத்திரை விஷயம்

நம் பக்கத்தில் பி.பி.யும் சர்க்கரையும் இல்லாத பெரியவர் வீடு குறைவு. முன்பெல்லாம் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போக வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கிய பிறகு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு உடற்பயிற்சி கொடுப்பவரும், நோவு தணிக்கும் நர்ஸும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? தெரியாவிட்டால் இந்த வாரமே துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.

மாத்திரை வந்தால் மட்டும் போதாது, சரியாக வயிற்றுக்குள் போக வேண்டும். கண் மங்கிய பெரியவர் காலை மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்வார். ராத்திரி மாத்திரையை மறந்துவிடுவார். காலைக்கு ஒரு டப்பா, ராத்திரிக்கு ஒரு டப்பா என்று நிறம் மாற்றி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேரன் பேத்தியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் கணக்குப் பழகும்.

சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விட்டுவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். நினைவு இருந்தால் உடனே மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, ஒரு கை தொங்கிப் போச்சு, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதம். "காத்துக் கருப்பு பட்டிருக்கு, விடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று ஒரு ராத்திரியைக் கழித்தால் கை போனது போனதுதான். கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலிக்கும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கடிகாரம் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் கொடுக்க வேண்டாம். வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். சந்தையில் விற்கிற பெயர் தெரியாத பொடியும் வேண்டாம்.

கண், காது, மனசு

கண்புரை வந்தால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அது ஒரு சின்ன ஆப்பரேஷனில் சரியாகிற விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே லென்ஸ் வைக்கிறார்கள். கோவையில் அரவிந்த், சங்கரா போன்ற கண் ஆஸ்பத்திரிகள் கிராமங்களில் முகாம் நடத்தி ஏழைகளுக்கு இலவசமாகச் செய்கின்றன. முகாம் நோட்டீஸ் பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்டியிருந்தால் அதைப் பெரியவரிடம் படித்துக் காட்ட வேண்டியது கண் தெரிகிற உங்கள் வேலை. கண் தெரிந்தால் விழுவதும் குறையும்.

காது கேட்காதவரை நாம் பேச்சிலிருந்தே விலக்கிவிடுகிறோம். "அவருக்கு என்ன சொன்னாலும் புரியாது" என்கிறோம். புரியாமல் இல்லை, கேட்கவில்லை. முகத்துக்கு நேராக நின்று, கத்தாமல், நிதானமாகச் சொல்லுங்கள். காதுக் கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சோறு தின்றதையே மறந்து "எனக்கு இன்னும் சோறு போடலை" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லும் மாமியார் மேல் மருமகளுக்குக் கோபம் வருவது இயற்கை. "அறளை பேர்ந்து போச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறவர்களும் உண்டு. அது மூளையில் வருகிற மறதி நோய். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. டாக்டரிடம் காட்டுங்கள், சில மறதி மருந்தில் குணமாகும் வகையாகவும் இருக்கும். ஊர், பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றை அவர் சட்டைப் பையிலோ, தாலிக் கயிற்றோடோ வைத்துத் தையுங்கள். வழி தவறினால் யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

இன்னொரு விஷயத்தை மெதுவாகச் சொல்ல வேண்டும். துணையை இழந்த பெரியவர் சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, "நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று சொன்னால் அது வெறும் பேச்சு என்று தள்ளாதீர்கள். தோட்டத்துச் சாளையில் பூச்சி மருந்து டப்பா மோட்டார் ரூமில் கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மனச் சோர்வுக்கு 14416 என்ற இலவச போன் இருக்கிறது. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லலாம். மனச் சோர்வுக்கும் மருந்து உண்டு.

சாளையில் தனியாக இருப்பவர்கள்

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டதும், 2025-ல் சிவகிரி பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு போலீஸ்காரர்கள் தோட்டத்துச் சாளைப் பக்கம் ரோந்தைக் கூட்டினார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் அந்த விவரத்தை ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். வாசலில் பிரகாசமான விளக்குப் போடுங்கள். வீட்டில் நகையும் ரொக்கமும் வைத்திருக்க வேண்டாம், நோம்பி நாளுக்கு வேண்டுமென்றால் பேங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முகம் தெரியாதவர் தண்ணீர் கேட்டால் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். "பேங்கிலிருந்து பேசறோம், நம்பர் சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஆனால் பூட்டும் விளக்கும் மட்டும் காவல் ஆகாது. சிவகிரி விஷயம் வெளியே தெரியச் சில நாள் ஆயிற்று. தினமும் ஒரு ஆள் "நல்லா இருக்கறீங்களா" என்று கேட்கிற வழக்கம் வேண்டும். அதைத்தான் கடைசியில் சொல்லப் போகிறேன்.

பணமும் சொத்தும்

ஆதரவற்ற ஏழை முதியோருக்குத் தமிழ்நாட்டில் உதவித்தொகை 1962-ல் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. தகுதி உள்ள பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போய் மனுப் போட்டுக் கொடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வயதுச் சான்று கையில் இருக்கட்டும். தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்றே தனி வட்டாட்சியர் இருக்கிறார். ரேஷன் கடைக்கு நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் ஆரம்பிக்கப்பட்டது. அதைப் பற்றிக் கடையில் விசாரியுங்கள்.

அடுத்து, சொத்து. நம் பக்கத்தில் இதைப் பேசாமல் விட முடியாது. "பையன் பார்த்துக்குவான்" என்ற நம்பிக்கையில் காட்டையும் வீட்டையும் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் பார்க்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் கோவை வடக்கு, கோவை தெற்கு, பொள்ளாச்சி என்று மூன்று கோட்டம் இருக்கின்றன. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளை பராமரிக்காவிட்டால் ரத்து செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. அதனால் எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள் "எங்கள் ஆயுள் வரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற வாசகத்தைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது பிள்ளையைச் சந்தேகப்படுவதாகாது. வரப்புப் போடுவதால் பங்காளிக்குப் பகையாகி விடுகிறோமா? வரப்பு இருந்தால்தான் சண்டை இருக்காது.

சட்டம் என்றால் பிள்ளை என்பது ஆணும் பெண்ணும்தான். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு கொடுத்தாகிவிட்டது. பங்கு உண்டு என்றால் பொறுப்பும் உண்டு. அதேபோல் மாப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் அம்மாவுக்கு உங்கள் மனைவி கஞ்சி ஊற்றுகிறாள் அல்லவா? இரண்டும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் அவள் அம்மாவுக்கு யார் ஊற்றுவது? மாமனார், மாமியார் என்பது இரண்டு பக்கமும் உண்டு.

எல்லாப் பாரமும் பெண் தலையில் வேண்டாம்

ஒரு ஊரில் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு தாய் வந்து என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஏனுங்க சார், பெரியவங்களைப் பாருங்க பாருங்கன்னு சொல்றீங்க. மூணு வருசமா எங்க மாமியாளுக்குப் பீ மூத்திரம் அள்றேன். தறிக்கும் போறேன். ராத்திரி ஒரு நாள் முழுசாத் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு ஒருத்தரும் என்னைக் கேக்கலையே." எனக்குப் பதில் வரவில்லை. அன்று முதல் இதைச் சொல்லாமல் எந்தக் கூட்டத்தையும் முடிப்பதில்லை.

ஆண்களே, பெற்ற தாயைக் குளிப்பாட்டுவதில் வெட்கம் எதற்கு? வாரத்தில் இரண்டு ராத்திரியாவது முறை வைத்துக்கொண்டு நீங்கள் விழித்திருங்கள். நாத்தனார், கொழுந்தன் என்று ஆளுக்கு ஒரு மாதம் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வர முடியாதவர்கள் பணமாகக் கொடுக்கட்டும். பார்த்துக்கொள்கிறவள் படுத்துவிட்டால் வீட்டில் இரண்டு நோயாளி ஆகிவிடும்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் நோவு தணிக்கும் வைத்தியம் ஒன்று சின்ன அளவில் ஆரம்பமானது. டாக்டரும் நர்ஸும் மட்டும் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஊர் ஜனங்களையே பழக்கினார்கள். டீக்கடைக்காரர், வாத்தியார், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று வாரத்தில் இரண்டு மணி நேரம் தருகிறவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். இன்று கேரளம் முழுவதும் அந்த வழக்கம் பரவியிருக்கிறது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? ஒருவர் காட்டுக்கு ஒருவர் கை மாற்றி வேலை செய்து பழகியவர்கள்தானே நாம்?

பணம் அதிகம் வேண்டாத ஐந்து காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: ஊரில் தனியாக இருக்கிற பெரியவர்களின் பெயர்ப் பட்டியலை மகளிர் சுய உதவிக் குழு எழுதட்டும். பெயர், சாளை இருக்கும் இடம், பிள்ளையின் போன் நம்பர், சாப்பிடுகிற மாத்திரை. ஒரு பிரதி செவிலியரிடம், ஒரு பிரதி பஞ்சாயத்தில் இருக்கட்டும்.

இரண்டு: காலைப் பார்வை. பால் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தினமும் இரண்டு வேளை ஆள் வருகிறது. "இன்றைக்கு யார் வீட்டுக் கேன் வரவில்லை" என்று சங்கத்துச் செயலாளருக்குத் தெரியும். வராத வீட்டுக்கு ஒரு போன். எடுக்காவிட்டால் ஒரு ஆள் போய்ப் பார்க்க வேண்டும். மாடு இல்லாத வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொறுப்பு. காலையில் வாசல் விளக்கை அணைப்பதே "நல்லா இருக்கிறேன்" என்பதற்கு அடையாளம் என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

மூன்று: சர்க்கரை, பி.பி. பார்க்கும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக, வண்டி வைத்திருப்பவர்கள் முறை போட்டுக் கூட்டிப் போகட்டும்.

நான்கு: உட்காரும் இடம். நகரங்களில் முதியோர் பகல் நேர மையங்கள், அன்புச்சோலை என்ற பெயரில், 2025 நவம்பரில் தொடங்கப்பட்டன. நம் ஊருக்குக் கோயில் மண்டபமும் வேப்ப மரமும் போதும். வாரம் ஒரு நாள் எல்லாரும் கூடட்டும். ஒரு பையன் பேப்பர் படிக்கட்டும். கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி செய்யட்டும். சுண்டல் வேக வைத்துக் கொடுங்கள். கொள்ளும் பாசிப்பயறும் வயதான உடம்புக்கும் வேண்டும்.

ஐந்து: கிராம சபை. சனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று வருஷத்தில் பல தரம் கூடுகிறது. தெரு விளக்கு, ரேஷன் கடையில் பெரியவர்கள் உட்காரப் பெஞ்சு, சுகாதார நிலையத்துப் படியில் கைப்பிடி, இவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாயால் கேட்பது காற்றில் போகும். தீர்மானப் புத்தகத்தில் எழுதினது நிற்கும்.

உங்களுக்காகவும்தான்

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். முப்பது வயதுத் தம்பதிகளே, குருத்து நீங்கள். உங்களுக்கும் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளைதான். இன்றைக்குப் பெரியவர்களுக்காக ஊரில் வைக்கிற பெஞ்சில் நாளைக்கு நீங்கள்தான் உட்காரப் போகிறீர்கள். புகையிலையை விடுங்கள். முப்பது வயது தாண்டியவர்கள் வருஷம் ஒருமுறை பி.பி., சர்க்கரை பாருங்கள். 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்கள், வருமான வரி கட்டாதவர்களாக இருந்தால், 2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டத்தில் பேங்கிலோ தபால் ஆபீஸிலோ சேரலாம். அறுபது வயதுக்கு மேல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். சீக்கிரம் சேர்ந்தால் கட்டுகிற பணம் குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் உங்கள் தாய் தகப்பனை நடத்துகிற விதத்தை உங்கள் பிள்ளை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுப்படிச் சுவரில் இந்த நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்:

ஆம்புலன்ஸ்: 108
மருத்துவ ஆலோசனை: 104
மனச் சோர்வு: 14416
முதியோர் உதவி: 14567 (பராமரிப்பு, பென்ஷன், சட்டம் எது பற்றியும் கேட்கலாம்)
கிராம சுகாதாரச் செவிலியர்: இந்த இடத்தில் உங்கள் ஊர் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள்.

என் அய்யனுக்கு நான் குச்சி நட்டுக் கொடுக்கவில்லை. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் இந்தத் துண்டுப் பிரசுரத்தை மடித்துப் பரணில் வைக்கும் முன்னால், வீட்டில் குளிக்கிற இடத்துச் சுவரில் கைப்பிடி எங்கே பதிக்கலாம் என்று ஒரு கோடு போட்டுவிடுங்கள். நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடலாம்.